கனடியக் குடியுரிமைப் பரீட்சை: எதை முதலில் படிப்பது?

குடியுரிமைப் பரீட்சைக்கான அழைப்பு வந்ததும் நம்மவர்கள் பலர் கைபேசியில் ஏதாவதொரு பயிற்சிச் செயலியை இறக்கி, வேலைக்குப் போகும் பஸ்ஸில் கேள்வி பதிலை உருப்போடத் தொடங்கிவிடுகிறார்கள். அப்படியும் பாஸ் பண்ணலாம். ஆனால் 1774, 1791, 1837, 1867 என்று ஆண்டுகள் தலைக்குள் முட்டிக்கொள்ளும். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் தடுமாறுவோம். முதலில் இந்த நாட்டின் அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள். வரலாற்றில் பாதி, அந்த அரசாங்கம் இப்படி அமைந்தது எப்படி என்ற கதைதான். அது பிடிபட்டால் ஆண்டுகளும் நினைவில் நிற்கும்.

யார் எழுத வேண்டும்?

விண்ணப்பத்தில் கையெழுத்திடும் நாளில் 18 முதல் 54 வயது வரை உள்ளவர்களுக்குத்தான் பரீட்சை. 55 ஆகிவிட்ட அம்மா அப்பாவுக்கு இல்லை, 18 ஆகாத பிள்ளைகளுக்கும் இல்லை. 'எனக்கு இங்கிலீஷ் வராதே' என்று பயந்து விண்ணப்பிக்காமலே இருக்கும் அம்மம்மாக்களிடம் இதை முதலில் சொல்லுங்கள். பரீட்சை எழுதும் வயதினர், ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ கேட்கவும் பேசவும் முடியும் என்பதற்கும் சான்று காட்ட வேண்டும். கனடிய மொழி அளவுகோலில் 4ஆம் நிலை போதும்.

அடுத்தது நாட்கணக்கு. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 5 ஆண்டுகளில் 1,095 நாட்கள் கனடாவுக்குள் இருந்திருக்க வேண்டும். நிரந்தர வதிவிடம் கிடைக்குமுன் படிப்பு அனுமதியிலோ வேலை அனுமதியிலோ இருந்த நாட்களும், அகதியாக ஏற்கப்பட்ட பிறகு இருந்த நாட்களும் அரை நாளாகச் சேரும். அந்த வகையில் அதிகபட்சம் 365 நாள்தான். அகதிக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருந்த காலம் பொதுவாகச் சேராது. ஊரில் திருவிழா, தங்கச்சியின் கல்யாணம், செத்தவீடு என்று போய்வந்த நாட்களையெல்லாம் பாஸ்போர்ட்டைத் திறந்துவைத்துக் கழியுங்கள். குடியுரிமைத் திணைக்களத்தின் இணையதளத்தில் இதற்கென்றே ஒரு கணிப்பான் இருக்கிறது. 1,095 ஆன அன்றே அனுப்பாமல் ஓரிரு வாரம் கூடுதலாக விட்டு அனுப்புவது நல்லது. ஒரு பயணத் தேதி பிசகினாலும் தாங்கும். வருமானவரிப் படிவமும் அந்த 5 ஆண்டுகளில் குறைந்தது 3 ஆண்டுகளுக்கு, தாக்கல் செய்யக் கடமைப்பட்டிருந்தால், தாக்கலாகியிருக்க வேண்டும்.

எந்தப் புத்தகம்?

ஒன்றே ஒன்றுதான். 'டிஸ்கவர் கனடா' என்ற அரசாங்கக் கையேடு. திணைக்களத்தின் தளத்தில் இலவசமாக இறக்கலாம், ஒலி வடிவிலும் கேட்கலாம். கேள்விகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. காசு கொடுத்து வேறு எதையும் வாங்கத் தேவையில்லை.

ஒரே ஒரு சிக்கல், கையேடு பழையது. முதலில் வந்தது 2009இல். வீட்டில் அண்ணாவோ அக்காவோ வைத்திருந்த அச்சுப் பிரதியை எடுத்துப் படித்தால் அரசி எலிசபெத்தான் இன்னும் ஆட்சியில் இருப்பார். 10 டொலர் தாளில் முதல் பிரதமர் மக்டொனால்டின் படம் இருப்பதாக எழுதியிருக்கும். 2018 முதல் வரும் தாளில் இருப்பவரோ, நிறவெறிக்கு எதிராக ஒரு திரையரங்கில் இருக்கையை விட்டு எழ மறுத்த கறுப்பினப் பெண் வயோலா டெஸ்மண்ட். அதனால் பதவியில் இருப்பவர்களின் பெயர்களை மட்டும் கையேட்டில் நம்ப வேண்டாம். அரசர், ஆளுநர் நாயகம், பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், உங்கள் மாகாண முதல்வர், துணைநிலை ஆளுநர், உங்கள் தொகுதி உறுப்பினர், மேயர் ஆகியோரின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, பரீட்சைக்கு முதல் நாள் அரசாங்கத் தளங்களில் சரிபாருங்கள்.

இன்னொன்று. விளங்கிக்கொள்வது தமிழில் இருக்கலாம், யாராவது சொல்லிக் கேட்கலாம். ஆனால் பரீட்சை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோதான். ஆகவே பெயர்களையும் முக்கியச் சொற்களையும் அந்த மொழியிலேயே கண்ணுக்குப் பழக்குங்கள். தேர்தல் தொகுதிக்கு இங்கே 'ரைடிங்' என்று பெயர். சட்டமூலத்துக்கு அரசர் தரும் இறுதி ஒப்புதல் 'ரோயல் அசென்ட்'. 'ரைடிங்' என்பதைத் திரையில் திடீரென்று பார்த்தால் குதிரைச் சவாரி என்று நினைக்கக்கூடாது.

முதலில் அரசாங்கம்

இலங்கை, இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இந்தப் பகுதி லேசு, ஏனென்றால் மூன்று நாடுகளுக்கும் மூலம் ஒன்று, பிரிட்டிஷ் நாடாளுமன்ற முறை. இந்தியாவில் 1950 வரையும் இலங்கையில் 1972 வரையும் இருந்த கவர்னர் ஜெனரல், அதாவது நம் பெரியவர்கள் மகாதேசாதிபதி என்று சொன்ன பதவி, இங்கே இன்னும் இருக்கிறது. நாட்டின் தலைவர் அரசர் மூன்றாம் சார்ல்ஸ். அவர் சார்பில் இங்கே இருப்பவர் ஆளுநர் நாயகம். பிரதமரின் ஆலோசனைப்படி அரசர் நியமிப்பார், வழக்கமாக 5 ஆண்டுகளுக்கு. 2021இல் பதவியேற்ற மேரி சைமன்தான் அந்தப் பதவிக்கு வந்த முதல் பூர்வகுடியினர். மாகாணங்களில் அதே வேலையைத் துணைநிலை ஆளுநர்கள் செய்கிறார்கள். ஆட்சியின் தலைவர் பிரதமர். நாட்டின் தலைவர் யார், ஆட்சியின் தலைவர் யார் என்று பிரித்துக் கேட்பது பரீட்சைக்காரர்களுக்குப் பிடித்த கேள்வி.

நாடாளுமன்றத்துக்கு மூன்று அங்கங்கள்: அரசர், செனட், மக்கள் பிரதிநிதிகள் சபை. அரசரையும் ஓர் அங்கமாக எண்ண மறந்துவிடாதீர்கள். பிரதிநிதிகள் சபையில் 2025 தேர்தல் முதல் 343 இடங்கள். செனட்டில் 105 பேர். இவர்களை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. பிரதமரின் ஆலோசனைப்படி ஆளுநர் நாயகம் நியமிப்பார், 75 வயது வரை இருக்கலாம். இந்திய மாநிலங்களவையை மனதில் வைத்துக்கொண்டு, மாகாணச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கிறது என்று பதில் போட்டுவிட வேண்டாம். இலங்கையர் கவனிக்க வேண்டியது வேறு. இங்கே ஜனாதிபதித் தேர்தல்போல நாட்டின் தலைமைக்கு நேரடி வாக்கு கிடையாது. உங்கள் தொகுதி உறுப்பினருக்குத்தான் வாக்களிக்கிறீர்கள். சபையின் ஆதரவைப் பெறக்கூடிய கட்சியின் தலைவர் பிரதமர் ஆகிறார். நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் தோற்றால் அரசாங்கம் விழும். வழக்கமாக அடுத்தது தேர்தல்.

ஒரு சட்டமூலம் இரண்டு சபைகளிலும் வாசிப்புகளைக் கடந்து, கடைசியில் அரசரின் பெயரால் ஒப்புதல் பெற்றால்தான் சட்டம்.

அதிகாரப் பங்கீட்டை அன்றாட வாழ்க்கையை வைத்தே படிக்கலாம். வீதியில் பனி அள்ளவில்லையா, நகரசபை. பிள்ளையின் பள்ளிக்கூடமும் ஹெல்த் கார்டும் மாகாணம். பாஸ்போர்ட், இராணுவம், நாணயம், வெளியுறவு ஆகியவை ஒட்டாவா, அதாவது கூட்டாட்சி அரசாங்கம். குடிவரவும் விவசாயமும் ஒட்டாவாவும் மாகாணங்களும் பகிர்ந்துகொள்பவை. இந்தக் கடைசி இரண்டையும் தனியாக நினைவில் வைத்திருங்கள், கேட்பார்கள்.

அப்புறம் வரலாறு

இந்த மண்ணில் முதலில் இருந்தவர்கள் பூர்வகுடிகள். கையேடு அவர்களை மூன்று பிரிவாகச் சொல்கிறது: முதற்குடிகள், வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட், பூர்வகுடிகளும் ஐரோப்பியரும் கலந்து உருவான மெற்றி. இந்த வேறுபாடு நிச்சயம் தெரிந்திருக்க வேண்டும். அவர்களின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தங்கள் மொழியைப் பேசவிடாமல் வளர்த்த வதிவிடப் பள்ளிகள் பற்றிக் கையேட்டில் சில வரிகள்தான். அதற்காக 2008இல் ஒட்டாவா நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. மொழியை இழப்பது என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பரீட்சைக்கு வேண்டிய அளவோடு நிற்காமல் இதை மட்டும் கொஞ்சம் கூடவே தேடிப் படியுங்கள்.

பிறகு பிரெஞ்சுக்காரர். 1534 முதல் ஜாக் கார்ட்டியேயின் பயணங்கள். 1608இல் சாம்ப்ளேன் கியூபெக் நகரில் கோட்டை கட்டுகிறார். 1759இல் ஏபிரகாம் சமவெளியில் பிரிட்டிஷ் படை வெல்கிறது; வென்ற தளபதி வுல்ஃப், தோற்ற தளபதி மொங்கால்ம் இருவரும் அந்தப் போரில் பட்ட காயத்தாலேயே இறந்தார்கள். இதுவரை இது ஆக்கிரமிப்பின் கதைதான். முக்கியமான திருப்பம் அடுத்து வருகிறது. வென்ற பிரிட்டன் 1774ஆம் ஆண்டு கியூபெக் சட்டத்தின் மூலம் அங்கிருந்த கத்தோலிக்கருக்கு மதச் சுதந்திரம் கொடுத்தது, அரசாங்கப் பதவிகளைத் திறந்துவிட்டது, பிரெஞ்சு சிவில் சட்டத்தையும் மீட்டுக் கொடுத்தது. கியூபெக் இன்றும் மொழியிலும் சட்டத்திலும் தனியாக நிற்பதற்கு இது ஒரு வேர். கனடா ஏன் இரண்டு ஆட்சிமொழி நாடு என்று கேட்டால் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தைச் சொல்வோம். ஆனால் கதை அதற்கு இரண்டு நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டது.

அமெரிக்கா பிரிட்டனைவிட்டுப் பிரிந்தபோது, பிரிய விரும்பாத 40,000க்கும் மேற்பட்ட விசுவாசிகள் வடக்கே ஓடிவந்தார்கள். 'லோயலிஸ்ற்' என்று கையேட்டில் வருபவர்கள் இவர்கள்தான். ஒருவகையில் அகதிகள். ஆங்கிலம் பேசும் கூட்டம் பெருகியதால் 1791இல் கியூபெக்கை மேல் கனடா, கீழ்க் கனடா என்று பிரித்தார்கள். மேல் கனடா இன்றைய ஒன்ராறியோ, கீழ்க் கனடா இன்றைய கியூபெக். வரைபடத்தில் கீழ்க் கனடா மேலே கிடப்பது குழப்பும். சென். லோறன்ஸ் ஆறு ஓடும் திசையைப் பாருங்கள்: மேல் என்றால் ஆற்றின் மேற்பகுதி, அவ்வளவுதான்.

1812 போரில் அமெரிக்கா படையெடுத்தது, பிடிக்க முடியவில்லை. பிரிட்டிஷ் தளபதி ஐசக் புரொக், அவரோடு சேர்ந்து போரிட்ட ஷோனி இனத் தலைவர் டெக்கும்சே, எதிரியின் திட்டத்தைச் சொல்ல 1813இல் காடு கடந்து நடந்த லோறா செக்கோர்ட், இந்த மூவரையும் தெரிந்து வையுங்கள்.

இனித்தான் சாரம். 1837, 1838இல் இரண்டு கனடாக்களிலும் கிளர்ச்சி. தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இருந்தும் உண்மையான அதிகாரம் ஆளுநரும் அவரைச் சுற்றியிருந்த ஒரு சிறு கூட்டமும் வைத்திருந்ததுதான் காரணம். விசாரிக்க வந்த டேர்ஹாம் பிரபு, இரண்டையும் ஒன்றாக்குங்கள், பொறுப்பாட்சி கொடுங்கள் என்று எழுதினார். பொறுப்பாட்சி என்றால், மக்கள் தேர்ந்தெடுத்த சபையின் பெரும்பான்மை ஆதரவு இருக்கும்வரைதான் அமைச்சர்கள் பதவியில் இருக்கலாம். பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரோடு கரைந்துபோக வேண்டும் என்றும் அவர் நினைத்தார், அது நடக்கவில்லை. பொறுப்பாட்சி முதலில் கிடைத்தது நோவா ஸ்கோசியாவுக்கு, 1847-48இல். இரண்டும் இணைந்த ஐக்கிய கனடாவில் அதற்காக உழைத்தவர்கள் பிரெஞ்சு பேசும் லாபொன்டேனும் ஆங்கிலம் பேசும் பால்ட்வினும். நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அரசாங்கம் ஏன் விழுகிறது என்ற மேலே சொன்ன விஷயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அதிலிருந்து 1867க்கு ஒரு எட்டு. ஜூலை 1 அன்று ஒன்ராறியோ, கியூபெக், நோவா ஸ்கோசியா, நியூ பிரன்சுவிக் நான்கும் சேர்ந்து கனடா ஆகின்றன. முதல் பிரதமர் ஜோன் ஏ. மக்டொனால்ட். மற்றவை ஒவ்வொன்றாகச் சேருகின்றன: 1870இல் மனிற்றோபாவும் வடமேற்கு நிலப்பகுதிகளும், 1871இல் பிரிட்டிஷ் கொலம்பியா, 1873இல் பிரின்ஸ் எட்வேர்ட் தீவு, 1898இல் யூக்கொன், 1905இல் அல்பேர்ட்டாவும் சஸ்காச்சுவானும், 1949இல் நியூபவுண்ட்லாந்து, 1999இல் நுனாவுட். இந்தப் பட்டியலில் நியூபவுண்ட்லாந்தை மறக்காமல் இருக்க நமக்கு ஒரு வழி உண்டு. 1986 ஓகஸ்டில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 ஈழத்தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றியது அந்தக் கரைக்கு அப்பால்தான். பரீட்சையில் வராது, ஆனால் மாகாணத்தின் பெயர் நினைவில் நிற்கும்.

மேற்கை இணைத்த ரயில்பாதையின் கடைசி ஆணி 1885 நவம்பர் 7இல் அடிக்கப்பட்டது. சீனத் தொழிலாளர்கள் உயிரைக் கொடுத்துப் போட்ட பாதை. வேலை முடிந்ததும் சீனர் உள்ளே வர 'தலைவரி' விதித்தார்கள். மன்னிப்பு வந்தது 2006இல். அதே 1885இல்தான் மெற்றி தலைவர் லூயி ரியேல் தூக்கிலிடப்பட்டார்.

உலகப் போர்களுக்கு, முதல் போரில் கனடியப் படை பிடித்த விமி மேடு (1917 ஏப்ரல்), இரண்டாம் போரில் அது தரையிறங்கிய ஜூனோ கடற்கரை (1944 ஜூன் 6), நவம்பர் 11 நினைவுநாள், அன்றைக்குக் குத்தும் பொப்பிப் பூ ஆகியவை போதும்.

பெண்கள் வாக்குரிமையில் ஒரு சுவாரசியம். முதலில் கொடுத்தது மனிற்றோபா, 1916இல். கூட்டாட்சித் தேர்தலில் பெரும்பாலான பெண்களுக்கு 1918இல் கிடைத்தது. கியூபெக் மாகாணத் தேர்தலில் பெண்கள் வாக்களிக்க 1940 வரை காத்திருந்தார்கள். இலங்கையில் ஆண், பெண் எல்லோருக்கும் 1931இலேயே வாக்கு இருந்தது! கனடாவில் பூர்வகுடிகள் எல்லோருக்கும் கூட்டாட்சித் தேர்தல் வாக்கு வந்தது 1960இல்.

உரிமையும் கடமையும்

1982ஆம் ஆண்டு உரிமைகள், சுதந்திரங்கள் சாசனம்தான் மையம். மனச்சாட்சி, மதம், பேச்சு, ஒன்றுகூடல் ஆகிய சுதந்திரங்கள் அதில் உண்டு. பேச்சுரிமை வேர்கள் 1215ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டா வரை போகின்றன என்று கையேடு சொல்லும். 1985இல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அகதிக் கோரிக்கையாளரின் நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகும்போது அவரை நேரில் விசாரிக்காமல் முடிவு செய்யக்கூடாது என்றது. தீர்ப்பளித்த நீதிபதிகளில் பாதிப் பேர் சார்ந்து நின்றது இந்தச் சாசனத்தின் 7ஆம் பிரிவை. 1983க்குப் பிறகு வந்த நம்மவர்களுக்குக் கிடைத்த வாய்மொழி விசாரணைக்குப் பின்னால் இருப்பது அந்தத் தீர்ப்பு.

கடமைகள் என்று கேட்டால்: சட்டத்தை மதிப்பது, தேர்தலில் வாக்களிப்பது, அழைத்தால் ஜூரியாகப் போவது, பிறருக்கு உதவுவது. கட்டாய இராணுவ சேவை இல்லை. வாக்கு இரகசியம், யாருக்குப் போட்டாய் என்று சொல்லும்படி முதலாளியோ கணவரோ மாமனாரோ வற்புறுத்த முடியாது. இதைக் கேள்வியாகவும் கேட்பார்கள், வீட்டிலும் சிலருக்குச் சொல்லிவைக்கலாம்.

வரைபடம்

ஒரு மாலை போதும். 10 மாகாணங்கள், 3 பிரதேசங்கள், 5 வட்டாரங்கள், 3 சமுத்திரங்கள். பெரிய நகரம்தான் தலைநகர் என்று நினைப்பவர்கள் இங்கே மாட்டுவார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வன்கூவர் அல்ல, விக்டோரியா. அல்பேர்ட்டாவுக்கு எட்மன்டன். கியூபெக்குக்கு மொன்றியல் அல்ல, கியூபெக் நகரம். சஸ்காச்சுவானுக்கு ரெஜைனா. நியூ பிரன்சுவிக்குக்கு ஃபிரெடெரிக்ரன். அந்த மாகாணத்திலுள்ள செயின்ட் ஜோன் வேறு, நியூபவுண்ட்லாந்தின் தலைநகரான செயின்ட் ஜோன்ஸ் வேறு. அதிகாரபூர்வமாக இருமொழி கொண்ட ஒரே மாகாணம் நியூ பிரன்சுவிக். கியூபெக் என்று பதில் போடுபவர்கள்தான் அதிகம்.

இதெல்லாம் ஆன பிறகு செயலியைத் திறங்கள். கையேட்டின் பின்பக்கத்திலுள்ள மாதிரிக் கேள்விகளை முதலில் பார்த்துவிட்டு, பிறகு பயிற்சி. செயலியின் பதில் கையேட்டோடு ஒத்துவராவிட்டால் கையேட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

பரீட்சை நாள்

20 கேள்விகள், 45 நிமிடம், 15 சரியாக இருந்தால் பாஸ். பலவற்றுள் ஒன்றைத் தேர்வது அல்லது சரியா பிழையா என்று சொல்வது. பெரும்பாலானோர் வீட்டிலிருந்து இணையத்தில் எழுதுகிறார்கள். அழைப்பு மின்னஞ்சலில் வரும். ஸ்பாம் பெட்டியையும் பார்த்துக்கொண்டிருங்கள். 30 நாட்களுக்குள் எழுத வேண்டும், அதற்குள் மூன்று தடவை முயலலாம். மூன்றிலும் தவறினால் ஓர் அதிகாரி நேரில் அழைத்து விசாரிப்பார், ஆகவே முதல் தடவை தவறினாலே எல்லாம் முடிந்துபோனதாக நினைக்க வேண்டாம். கணினியின் கெமரா உங்கள் முகத்தையும் அடையாள அட்டையையும் படம் எடுக்கும், பரீட்சையின் போதும் எடுத்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் நின்று பதில் சொல்லிக்கொடுக்க விரும்பும் உறவினர்களை அந்த 45 நிமிடமும் வேறு அறையில் வையுங்கள்.

சத்தியப்பிரமாணமும் அதற்குப் பிறகும்

14 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் உறுதிமொழி எடுக்க வேண்டும். அரசருக்கு விசுவாசம், சட்டத்துக்குக் கீழ்ப்படிதல் ஆகியவற்றோடு, முதற்குடிகள், இனுயிட், மெற்றி மக்களின் உரிமைகளை ஏற்கும் அரசியலமைப்பைப் பற்றிய வரியும் 2021இல் சேர்ந்தது.

விழாவுக்கும் பாஸ்போர்ட் கைக்கு வருவதற்கும் நடுவில் வெளிநாட்டுப் பயணம் எதையும் போட்டுவிடாதீர்கள். பி.ஆர். கார்ட், அதாவது நிரந்தர வதிவிட அட்டை, அன்றோடு செல்லாது, கனடியக் கடவுச்சீட்டு இல்லாமல் திரும்ப விமானம் ஏறுவது சிக்கல். இந்தியர்கள் கவனிக்க: இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. உறுதிமொழி எடுத்ததும் இந்தியக் குடியுரிமை போய்விடும், பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். விரும்பினால், விசா இல்லாமல் இந்தியா போய்வர உதவும் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இலங்கையர் இரட்டைக் குடியுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம்; ஊரில் காணி, வீடு பெயரில் இருப்பவர்கள் இதை விழாவுக்கு முன்பே விசாரித்துவைத்தால் நல்லது.

கடைசியாக, அடுத்த வருமானவரிப் படிவத்தில் தேர்தல் திணைக்களத்துக்கு உங்கள் விவரத்தைக் கொடுக்கச் சம்மதமா என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் 'ஆம்' என்று குறித்துவிடுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் ஏற வேறு அலைச்சல் மிஞ்சாது.